பழைய சீனத்துத் துப்பறியும் கதைகள்: நீதிபதி டீ நாவல்களில் வரும் டாங் காலம் எந்த அளவுக்கு உண்மையானது?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ராபர்ட் வான் குலிக் எழுதிய நீதிபதி டீ நாவல்களைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வரிசையில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் படித்துவிட்டேன். கதையோட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் ஐயங்கள் கதையைவிடக் கதை நிகழும் சமூகத்தைப் பற்றியவை என்பதால், சீன வரலாற்றில் பழக்கமுள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, காலம். டீ தம் முதல் பணியிடமான பெங்லாய்க்கு வந்து சேரும் ஆண்டு 663 என்று நாவல் சொல்கிறது. அப்படியானால் அது டாங் அரசமரபின் காலம். ஆனால் ஆசிரியர் தாமே வரைந்து சேர்த்திருக்கும் படங்களில் காணும் உடைகளும் மேசை நாற்காலிகளும் பல நூற்றாண்டுகள் பிந்திய மிங் காலத்து மரச்செதுக்குப் படங்களை ஒத்திருக்கின்றன. இது கவனக்குறைவா, அல்லது தெரிந்தே செய்ததா?

இரண்டாவது, நடுவரின் அதிகாரம். ஒரே மனிதர் சடலத்தைப் பார்வையிடுகிறார், மாறுவேடத்தில் தெருவில் அலைகிறார், சந்தேகத்துக்குரியவரைப் பிடித்துவரச் சொல்கிறார், மறுநாள் காலையில் மேடையேறி அமர்ந்து அவருக்குத் தீர்ப்பும் சொல்கிறார். இது நடைமுறையில் இருந்த ஏற்பாடா, கதைக்காகச் செய்துகொண்ட வசதியா?

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. சாட்சியும் தடயமும் கையில் இருக்கும்போதும் குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை வழக்கு முடிவதில்லை. ஒப்புக்கொள்ள மறுப்பவரை மக்கள் கூடியிருக்கும் மன்றத்திலேயே அடிக்கும்படி நம் கதாநாயகர் ஆணையிடுகிறார். அறிவும் நேர்மையும் உடையவர் என்று நமக்கு அறிமுகமான ஒருவர் இதைச் செய்யும்போது வாசகர் எந்தப் பக்கம் நிற்பது? கூட்டத்தில் இந்தக் கேள்வி நிச்சயமாக எழும் என்பதால் இதற்கு மட்டுமாவது தெளிவான விடை வேண்டும்.

சுவடிப்பெட்டி:

நல்ல கேள்விகள். உங்கள் முதல் கேள்விக்கு விடை, தெரிந்தே செய்தது என்பதுதான். அதைப் புரிந்துகொள்ள இந்த நாவல்கள் பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

வான் குலிக் (1910–1967) நெதர்லாந்தின் தூதரகப் பணியில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் சீனத்தைப் பொழுதுபோக்காகப் படித்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். சீனச் செவ்வியல் இசைக்கருவியான குச்சின் பற்றியும் மிங் காலத்து அச்சோவியங்கள் பற்றியும் நூல்கள் எழுதிய அறிஞர் அவர். இளமையில் வடமொழி கற்றுக் காளிதாசரின் ஊர்வசி நாடகத்தை டச்சு மொழியில் பெயர்த்தவர் என்பதும் 1950களின் தொடக்கத்தில் புதுதில்லியில் பணியாற்றியவர் என்பதும் நம் வாசகர்கள் பலருக்குத் தெரியாத செய்திகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு பழைய சீன நாவலை அவர் படித்தார். பேரரசி வூ சேத்தியன் காலத்து நான்கு விசித்திர வழக்குகள் என்ற பெயரில், 64 இயல்களோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சில் வந்த நூல் அது. முதல் 30 இயல்களில் டீ ஒரு மாவட்டத்தின் நடுவராக மூன்று வழக்குகளைத் தீர்க்கிறார். எஞ்சிய பகுதி முழுவதும் அரண்மனைச் சூழ்ச்சிகள். பின்பகுதி வேறொரு கை பிற்காலத்தில் ஒட்டியது என்று கருதிய வான் குலிக், முன்பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1949இல் தோக்கியோவில் தம் செலவிலேயே வெளியிட்டார்.

அந்த மூலக்கதையை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். பட்டு வணிகர்களின் இரட்டைக் கொலை, கணவனின் சடலத்தில் காயமே காணப்படாத ஒரு வழக்கு, மணநாள் இரவில் நஞ்சுண்டு இறந்த மணப்பெண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஒரே காலத்தில் நடுவரின் மேசைக்கு வருகின்றன. மேலைநாட்டுக் கதையில் மூன்று வழக்குகள் வந்தால் இறுதியில் அவை ஒரே முடிச்சில் சேரும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே சேர்வதில்லை. ஓர் அதிகாரியின் அலுவல் நாள் எப்படி இருக்குமோ அப்படியே கதையும் இருக்கிறது. அதோடு, மணப்பெண் வழக்கில் கொலைகாரரே கிடையாது. அதன் தீர்வை இங்கே சொல்லிப் படிப்பவர்களின் சுவையைக் கெடுக்க மாட்டேன்.

சீன மரபுக் கதைக்கும் மேலைக் கதைக்கும் உள்ள வேறுபாடுகளை வான் குலிக் அந்த மொழிபெயர்ப்பின் முன்னுரையில் விளக்குகிறார். சீனக் கதையில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். சதுரங்க ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பவரைப் போல, நடுவர் அடுத்து எந்தக் காயை நகர்த்துவார் என்பதில்தான் வாசகருக்குச் சுவை. பேய்களும் கனவுகளும் சாட்சி சொல்ல வரும். அரசு ஆவணங்களும் தத்துவ உரைகளும் முழு நீளத்துக்கு இடம்பெறும். பாத்திரங்கள் நூற்றுக்கு மேலும் போகும், ஒவ்வொருவருடைய உறவுமுறையும் வாசகருக்கு நினைவிருக்க வேண்டும். தண்டனை நிறைவேறும் காட்சியை விரிவாக எழுதாவிட்டால் கதை முடிந்ததாகவே அன்றைய வாசகர் ஒப்புக்கொள்ள மாட்டார். இவை அனைத்தும் குறைவாகவே உள்ளதால்தான் டீயின் கதை இன்றைய வாசகருக்கு ஏற்றது என்று கண்டு அதைத் தேர்ந்தெடுத்தார்.

அவருக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. அந்நாளில் சீன, ஜப்பானிய எழுத்தாளர்கள் மேலைத் துப்பறியும் கதைகளைப் பின்பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சொந்த மரபிலேயே இவ்வளவு வளம் இருக்கிறதே என்று அவர்களுக்குக் காட்ட, மாதிரியாக ஒரு நாவலைத் தாமே எழுதினார். லான்ஃபாங் என்ற எல்லையூரில் நிகழும் அந்தக் கதை ஆங்கிலத்தில் வெளிவந்தது 1956இல்தான். அதற்கு முன்பே, 1951இல், ஜப்பானிய மொழியில் வந்துவிட்டது. அட்டையில் ஆடையற்ற பெண்ணின் படம் இருந்தாக வேண்டும் என்று ஜப்பானியப் பதிப்பாளர் வற்புறுத்தியதால் மிங் காலத்தில் அப்படிப்பட்ட ஓவியங்கள் இருந்தனவா என்று தேடப்போன வான் குலிக், அந்தத் தேடலின் பயனாகத் தனி ஆய்வு நூலே எழுதிவிட்டார் என்பது ஒரு சுவையான கிளைக்கதை.

இனி உடைக்கும் நாற்காலிக்கும் வருகிறேன். மிங், சிங் காலத்து எழுத்தாளர்கள் தங்கள் கதையை எந்தப் பழங்காலத்தில் வைத்தாலும், தங்கள் கண்முன் இருந்த பழக்கவழக்கங்களையே எழுதினார்கள். வான் குலிக் அந்த மரபையே பின்பற்றினார். அதைத் தம் நூல்களின் பின்குறிப்புகளில் வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் பெரும்பாலோர் பாயிலோ தாழ்வான மேடையிலோதான் அமர்ந்தார்கள்; நாற்காலி வீட்டுக்கு வீடு பரவியது பின்வந்த சோங் காலத்தில். டாங் தலைநகரான சாங்ஆன் மதில் சூழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாலை முரசு ஒலித்ததும் வட்டங்களின் கதவுகள் மூடப்படும். அதற்குப் பிறகு தெருவில் திரிந்து பிடிபட்டவருக்கு 20 அடி. நாவல்களில் நள்ளிரவிலும் களைகட்டியிருக்கும் உணவகங்களும் சூதாட்டக் கூடங்களும் பிற்காலத்து நகரத்தைச் சேர்ந்தவை. ஆகவே பெயரளவில் டாங், வாழ்க்கையளவில் மிங் என்று வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.

சட்டநூல் வாசகர்:

இரண்டாம், மூன்றாம் கேள்விகளைப் பிரிக்க முடியாது என்பதால் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

மாவட்ட நடுவருக்கு இருந்த பல்முக அதிகாரம் கற்பனை அன்று. வரி, மக்கள் கணக்கெடுப்பு, பொது ஒழுங்கு, நீதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அதிகாரிதான் பேரரசரின் முகம். மக்கள் அவரைத் தாய்தந்தை என்றே சொன்னார்கள். வழக்கறிஞர் என்ற தொழிலுக்கு ஏற்பு இல்லை. பிறருக்காக மனு எழுதித் தருபவர்களை அரசு தொல்லைக்காரர்களாகவே பார்த்தது. மரியாதைராமன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு நீதிபதியே புதிரை அவிழ்ப்பதில் வியப்பு இருக்காது. ஆனால் மரியாதைராமனுக்கு இல்லாத ஒரு சுமை டீக்கு உண்டு. அவருடைய தீர்ப்பை மேலே உள்ளவர்கள் சோதிப்பார்கள். அது தவறு என்று தெரிந்தால் தண்டனை அவருக்கு.

இது வெறும் கதைப்பேச்சு அன்று. 653இல் விளக்கவுரையோடு வெளியான டாங் சட்டத்தொகுப்பில் 502 பிரிவுகள் உள்ளன. வேண்டுமென்றே குற்றமற்றவருக்குத் தண்டனை விதித்த அதிகாரி அதே தண்டனையைத் தாம் பெற வேண்டும். கவனக்குறைவால் அப்படி நேர்ந்திருந்தால் மூன்று படி குறைத்துப் பெற வேண்டும் என்பது அதில் உள்ள விதி. பொய்க்குற்றம் சாட்டியவருக்கும், தாம் சாட்டிய குற்றத்துக்கு உரிய தண்டனை. மரண தண்டனை தலைநகரின் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறாது. பேரரசர் டாய்ட்சோங் அவசரப்பட்டு ஓர் அதிகாரியைக் கொல்லச் சொல்லிப் பின்னர் வருந்தியதால், 631 முதல் மரண தண்டனைக்கு முன் மாகாணங்களில் மூன்று முறையும் தலைநகரில் ஐந்து முறையும் அரசரிடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது.

அடிக்கும் அளவு உண்டு. விசாரணையில் அடிப்பது மூன்று முறைக்கு மேல் கூடாது. ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 நாள் இருக்க வேண்டும். மொத்தம் 200 அடியைத் தாண்டக் கூடாது. எழுபது வயதைக் கடந்தவர்களையும் பதினைந்துக்கு உட்பட்டவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் அடிக்கவே கூடாது. அவர்கள் வழக்கில் சாட்சிகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். அளவு முடிந்த பிறகும் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பிணையில் விட்டுவிட வேண்டும். பிறகு, வழக்கின் வகையைப் பொறுத்து, அடிபடும் முறை குற்றம் சாட்டியவருக்கு வந்து சேரும். படிக்கும்போது எனக்கும் நடுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும், கட்டுப்பாடற்ற கொடுமைக்கும் கணக்கு வைத்துக் கட்டுப்படுத்திய கொடுமைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் காலத்தை எடைபோடும்போது பார்க்க வேண்டும்.

ஒப்புதல் வாக்குமூலம் இல்லாமல் தீர்ப்பே இல்லை என்று நாவல்கள் அழுத்திச் சொல்வது பொதுவாகச் சரி, முழுவதும் சரியன்று. தடயம் வெளிப்படையாக இருந்து ஐயத்துக்கு இடமே இல்லை என்றால், குற்றவாளி ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தீர்ப்பு வழங்கலாம் என்று டாங் சட்டம் இடம் தருகிறது. கதாசிரியர்கள் இந்த விலக்கை ஒதுக்கியதற்குக் காரணம் எளிது. அதை ஏற்றுக்கொண்டால் கதையின் இரண்டாம் பாதியே இல்லாமல் போய்விடும்.

ஏனென்றால் இந்த வகைக் கதையின் உயிர் குற்றவாளி யார் என்பதில் மட்டும் இல்லை. தமக்குத் தெரிந்த உண்மையை, தம்மையும் கட்டிப்போடும் சட்டத்துக்குள் நின்று, நடுவர் எப்படி நிறுவப்போகிறார் என்பதில் இருக்கிறது. பழைய நாவலில் காயமில்லாத சடலத்தின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வேடத்தில் ஊரில் திரியும்போது ஒரு விதவைமேல் டீக்கு ஐயம் எழுகிறது. கல்லறையைத் தோண்டச் சொல்கிறார். உடலில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நொடியிலிருந்து ஆபத்து விதவைக்கு அன்று, டீக்கு. டாங் சட்டப்படி கல்லறையைத் தோண்டிச் சவப்பெட்டியைத் திறப்பவரைக் கழுத்தை நெரித்துக் கொல்லலாம் என்றால், இறந்தவரின் அமைதியைக் கலைப்பதை அந்தச் சமூகம் எவ்வளவு பெரிய பாவமாகக் கருதியது என்று எண்ணிப் பாருங்கள். வான் குலிக் இதே நெருக்கடியை வடகோடியில் உள்ள பெய்ச்சோவில் நிகழும் தம் நாவலில் மீண்டும் எடுத்தாண்டு இன்னும் கூர்மையாக்கினார். அந்த வரிசையில் அதுவே சிறந்தது என்பது என் கருத்து. அங்கே டீ தம் பதவி விலகல் கடிதத்தை எழுதும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

சடலப் பரிசோதனை பற்றி ஒரு சொல். நாவல்களில் வரும் பரிசோதகரின் திறமை மிகைப்படுத்தியது என்று தோன்றலாம். 1247இல் சோங் சீ என்ற நீதி அதிகாரி எழுதிய பிணப் பரிசோதனைக் கையேட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்ட ஒருவரின் வழக்கில், ஊரிலுள்ள அரிவாள்களையெல்லாம் கொண்டுவந்து வெயிலில் பரப்பச் சொன்னார்கள். கழுவியிருந்தும் ஓர் அரிவாளில் மட்டும் ஈக்கள் மொய்த்தன. அதன் உரிமையாளர் ஒப்புக்கொண்டார். எலும்பில் உள்ள பழைய அடியைக் காண, வெயிலில் எண்ணெய்த் தாள் குடையை விரித்து அதன் வழியே பார்க்கும் முறையும் அதில் உண்டு. அதற்கும் மிக முந்திய ஒரு வழக்கில், கணவனைக் கொன்றுவிட்டு வீட்டைக் கொளுத்தியதாக ஒரு பெண்மேல் ஐயம். உயிருள்ள பன்றி ஒன்றையும் கொன்ற பன்றி ஒன்றையும் எரித்துப் பார்த்த நடுவர், உயிரோடு எரிந்ததன் வாயில் சாம்பல் இருந்ததையும் மற்றதில் இல்லாததையும் காட்டினார். கணவனின் வாயிலும் சாம்பல் இல்லை. 1211இல் தொகுக்கப்பட்ட, 144 வழக்குகளை இரண்டிரண்டாக இணைத்துக் கூறும் நடுவர் கையேடு ஒன்றில் இது இருக்கிறது. அந்தக் கையேட்டையும் வான் குலிக்தான் ஆங்கிலத்தில் பெயர்த்து 1956இல் வெளியிட்டார். அவருடைய கதைக்கருக்களின் ஊற்று எங்கே என்று தேடுபவர்களுக்கு அது நல்ல இடம்.

வைகைக்கரை:

மிக்க நன்றி ஐயா. ஆனால் அளவுகள் ஏட்டில் இருந்தன என்பதும் மன்றத்தில் பின்பற்றப்பட்டன என்பதும் வேறு வேறு அல்லவா? அதோடு, அடிக்கு அஞ்சி ஒருவர் பொய்யாக ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கதைகள் அதிகம் தொடுவதில்லை. டீ அடிக்கச் சொல்பவர் எப்போதும் உண்மையான குற்றவாளியாகவே இருக்கிறார். அது ஆசிரியர் கதாநாயகருக்குத் தரும் சலுகை என்று தோன்றுகிறது.

கிள்ளான் வாசகர்:

உங்கள் கடைசி ஐயத்துக்கு வரலாற்று டீயின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

நாவல்களின் டீக்கு மூலமான டி ரென்ஜியே (630–700) இன்றைய ஷான்ஷி மாகாணத்தின் தாய்யுவானைச் சேர்ந்தவர். 670களில் தலைநகரின் உச்ச நீதி அலுவலகத்தில் பணியாற்றியபோது, தேங்கிக் கிடந்த வழக்குகளில் 17,000 பேர் தொடர்பானவற்றை ஒரே ஆண்டில் முடித்தார், ஒருவர்கூட அநீதி என்று முறையிடவில்லை என்று டாங் வரலாற்று நூல் எழுதுகிறது. எண்ணைச் சற்றே தள்ளிவைத்துப் பார்த்தாலும் புகழ் உண்மையானது. பேரரசர் டாய்ட்சோங்கின் சமாதி வளாகத்தில் நின்ற தேவதாருவைத் தவறுதலாக வெட்டிய படைத்தலைவரைக் கொல்ல வேண்டும் என்று அடுத்த பேரரசர் சினந்தபோது, அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மரண தண்டனை இல்லை, ஒரு மரத்துக்காகப் படைத்தலைவரைக் கொன்றால் பிற்காலத்தவர் உங்களை என்ன சொல்வார்கள் என்று எதிர்த்து வாதாடி அவர் உயிரைக் காத்தவர் இவர். நாவல்களில் துறவியர் மடங்கள்மேல் டீ காட்டும் கடுமைக்கும் வரலாற்றில் ஓர் அடிப்படை இருக்கிறது. 688இல் தென்பகுதியில் ஆய்வு அதிகாரியாக இருந்தபோது, முறைகேடானவை என்று கருதிய 1,700 சிறு கோயில்களை அவர் இடிக்கச் செய்தார்.

692இல் லாய் ஜுன்சென் என்ற விசாரணை அதிகாரி அவர்மேல் அரசத் துரோகக் குற்றம் சாட்டினான். குற்றங்களைப் புனைவதற்கென்றே கையேடு ஒன்று எழுதியவன் அவன். டி ரென்ஜியே விசாரணை தொடங்கியதுமே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். காவல் தளர்ந்ததும், போர்வைத் துணியில் கிழித்த ஒரு துண்டில் முறையீடு எழுதிப் பஞ்சு அடைத்த தம் அங்கிக்குள் மறைத்து, வெயில் காலம் வந்துவிட்டது, பஞ்சை எடுத்துவிடச் சொல்லி வீட்டாரிடம் கொடுங்கள் என்று அனுப்பினார். மகன் அதைக் கண்டெடுத்துப் பேரரசி வூவிடம் கொண்டுசேர்த்தார். ஏன் ஒப்புக்கொண்டாய் என்று பேரரசி கேட்டபோது, ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் அடியிலேயே செத்திருப்பேன் என்பது அவருடைய பதில்.

உலகின் மிகப் புகழ்பெற்ற கதை நடுவர் ஒருவரின் மூல மனிதர், அடிக்கு அஞ்சிப் பொய் வாக்குமூலம் கொடுத்துப் பிழைத்தவர். உயிர் தப்பினாலும் பதவி பறிபோயிற்று. அமைச்சராக இருந்தவரைப் பெங்ட்சே என்ற சிற்றூருக்கு மாவட்ட நடுவராக அனுப்பினார்கள். இளம் வயதில் நடுவராகத் தொடங்கிப் படிப்படியாக உயரும் கதை டீயின் பாதைக்கு இது நேர் எதிர். பின்னர் அவர் மீண்டும் அமைச்சரானார். லாய் ஜுன்சென் 697இல் கொல்லப்பட்டான்.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வான் குலிக் 1959 முதல் 1962 வரை கோலாலம்பூரில் தூதராக இருந்தார். மலைக்கோயிலில் ஒரே இரவில் நிகழும் அவருடைய நாவல் முதன்முதலில் 1961இல் கோலாலம்பூரில்தான் அச்சானது.

நீலமலை:

மேலே எழுதிய அனைவரும் டீயின் பக்கமே சாய்ந்து நிற்பதாகத் தோன்றுவதால் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்தக் கதைகள் நீதியைப் பற்றியவை என்பதைவிட நல்ல அதிகாரியைப் பற்றிய ஏக்கத்தைச் சொல்பவை. டீக்கு முன்பே இந்த ஏக்கத்துக்கு உருவம் கொடுத்தவர் சோங் காலத்துப் பாவ் ட்செங் (999–1062). கைஃபெங் தலைநகரை அவர் ஆண்டது சிறிது காலமே என்றாலும், யுவான் கால நாடகங்களும் மிங் காலக் கதைத்தொகுதிகளும் எங்கெங்கோ வழங்கிய தீர்ப்புகளையெல்லாம் அவர் பெயரில் ஏற்றிவைத்தன. சுண்ணாம்பு வட்டத்துக்குள் குழந்தையை நிறுத்தி இரு பெண்களையும் இழுக்கச் சொல்லும் நாடகத்திலும் நடுவர் அவர்தான். சாலமோன் அரசரின் கதையைப் படித்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. அதில் முதல் விசாரணை செய்யும் அதிகாரி சட்டம் அறியாதவர், எழுத்தரே வழக்கை நடத்தி ஒரு பெண்ணை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பொய் வாக்குமூலம் அந்த மரபுக்குத் தெரியாததன்று. அதைச் சரிசெய்ய ஒரு பாவ் ட்செங் வந்தே தீருவார் என்பதில்தான் பொய் இருக்கிறது.

வான் குலிக்கின் நாவல்களில் இந்தக் கசப்பு மிகவும் குறைந்துவிட்டது. உண்மையில் மன்றத்தை நடத்தியவர்கள் நிலையாக ஊரிலேயே இருந்த எழுத்தர்களும் சேவகர்களும். நடுவர் வெளியூர்க்காரர், சொந்த ஊர்ப்பகுதியில் பணியாற்றக் கூடாது என்பது விதி, சில ஆண்டுகளில் மாற்றலாகிவிடுவார். வட்டாரப் பேச்சுகூடப் புரியாமல் போகலாம். சிங் காலத்தில் நடுவர்கள் தம் சொந்தப் பணத்தில் சட்ட ஆலோசகர்களை அமர்த்திக்கொண்டு அவர்கள் எழுதிக்கொடுத்ததைத்தான் பெரும்பாலும் கையொப்பமிட்டு அனுப்பினார்கள். நாவலில் டீக்கு இந்தத் தொல்லை இல்லை. முதியவர் ஹூங், வழிப்பறி வாழ்க்கையை விட்டுவந்த மா ஜூங், சியாவ் டாய், பழைய மோசடிக்காரர் டாவ் கான் என்று விசுவாசமான நால்வரைத் தம்மோடு அழைத்துவந்துவிடுகிறார். அலுவலகத்தின் அழுக்கு முழுவதும் பின்னணியில் மங்கிவிடுகிறது. இது ஆசிரியர் தாமே ஓர் அரசு அதிகாரி என்பதால் வந்த கனிவோ என்று எனக்கு ஐயம் உண்டு.

பெண் பாத்திரங்களையும் சொல்ல வேண்டும். விற்கப்பட்ட பெண்களின் நிலையை நாவல்கள் மறைக்கவில்லை, சில இடங்களில் இரக்கத்தோடும் எழுதுகின்றன. ஆனால் அந்த இரக்கத்தோடு, அவர்களைக் காட்சிப்பொருளாக்கும் பார்வையும் சேர்ந்தே வருகிறது. படங்களில் இது இன்னும் வெளிப்படை.

சட்டநூல் வாசகர்:

நீலமலை அவர்கள் எழுத்தர்களைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பூயாங்கில் நிகழும் நாவலில் டீ பணியேற்கும்போது, தமக்கு முன் இருந்தவர் ஓர் இளம் மாணவரைக் கொலைகாரர் என்று ஏறக்குறைய முடிவு செய்து வைத்திருக்கிறார். எல்லாத் தடயங்களும் அவரைத்தான் சுட்டுகின்றன. டீ அந்த வழக்கை முதலிலிருந்து திறக்கிறார். தவறான தீர்ப்பு எவ்வளவு எளிதாக, எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் உருவாகிவிடுகிறது என்பதைக் காட்டும் இடம் அது. வாசகர் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு நான் அந்த மாணவரின் பக்கத்திலிருந்து படியுங்கள் என்றே சொல்வேன். அப்படிப் படித்தால் டீயின் திறமை மகிழ்ச்சி தரும். அந்தத் திறமை இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அச்சமும் கூடவே இருக்கும்.

வைகைக்கரை:

இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. டி ரென்ஜியே பேரரசிக்குச் சொன்ன பதிலைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வைத்து, அங்கிருந்து வாக்குமூலத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இதுவரை ஒன்றுமே படிக்காதவர்களுக்கு எதைப் பரிந்துரைப்பீர்கள்? கதைக்காலப்படி 663இல் தொடங்குவதா, எழுதப்பட்ட வரிசைப்படியா?

சுவடிப்பெட்டி:

வரிசை முக்கியமன்று, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். பெய்ச்சோ நாவலை மட்டும் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள். கதைக்காலம் 676, நெடுநாள் உடனிருந்த பாத்திரம் ஒன்றின் முடிவு அதில் வருவதால், முன்னவற்றைப் படிக்காதவர்களுக்கு அதன் வலி எட்டாது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு 1967இல் வந்த, எட்டுக் கதைகள் அடங்கிய சிறுகதைத் தொகுப்பு போதும். முழு நாவல் வேண்டுபவர்களுக்குப் பெங்லாய் கதையைக் கொடுங்கள். டீ முதன்முதலாகப் பணியேற்கும் ஊர், முந்தைய நடுவர் பூட்டிய அறையில் நஞ்சுண்டு இறந்து கிடந்த வழக்கு என்று எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்கத் தேவையில்லாத தொடக்கம் அது. பழைய நாவலின் மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகு படிக்கச் சொல்லுங்கள். முன்னுரையைக் கடைசியில் படிப்பது நல்லது. காயமில்லாத சடலத்தின் மர்மத்தை வான் குலிக் அங்கேயே பேசத் தொடங்கிவிடுகிறார்.